ஆறாம் பதிப்பை அணைக்கலாமா?

முகவரி இல்லாத கடிதம் வீடு போய்ச் சேருமா? சேராது. இணையத்திலும் அப்படித்தான். அங்கு ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியை எப்படி அமைப்பது, செய்தியை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று வகுத்த விதிகளே இணைய நெறிமுறை. சுருக்கமாக ஐ.பி. என்கிறோம்.

1981-இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட்டுகள். ஆகவே ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அன்று அது கடல்போலத் தோன்றியது. ஆனால் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. இந்த நெருக்கடியை முன்பே உணர்ந்த அறிஞர்கள் 1995-இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டிருந்தனர். இதில் முகவரிக்கு 128 பிட்டுகள். 3 என்று எழுதி 38 பூஜ்யங்கள் இட்டாலும் அதன் முகவரிகளின் எண்ணிக்கையை எட்ட முடியாது!

இவ்வளவு நல்லதை ஏன் சிலர் அணைக்கிறார்கள்? 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. அது இரு பதிப்புகளையும் அறியும். இரண்டும் கிடைத்தால் பெரும்பாலும் ஆறாவதையே முதலில் நாடும். ரூட்டர் ஆறாம் பதிப்பு முகவரியைக் கொடுத்துவிட்டு, அதற்கப்பால் பாதை அடைபட்டிருந்தால் என்ன ஆகும்? பதில் வராத கதவை ஒரு நிமிடத்திற்கும் மேலாகத் தட்டிய பிறகே நான்காவதற்குத் திரும்பக்கூடும். உபுண்டுவில் புதுப்பிப்புகளைக் கொண்டுவரும் ஆப்ட் கட்டளை இப்படித் தேங்கினால், பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரா.

மருந்துக்கு முன் சோதனை வேண்டும். பிங் கட்டளையை 4 என்னும் குறியுடன் ஒருமுறையும், 6 என்னும் குறியுடன் ஒருமுறையும் இயக்கிப் பார்க்கலாம். முதலாவதற்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வராவிட்டால் சந்தேகம் சரியே. ஆப்ட் மட்டும் தேங்கினால், அதை மட்டும் நான்காம் பதிப்பில் செல்லுமாறு பணிக்கலாம். பெரும்பாலும் அதுவே போதும்.

முழுவதும் அணைக்க வேண்டுமானால், கெர்னலில் 'டிசேபிள் ஐபிவி6' என்ற அமைப்பு இருக்கிறது. நிர்வாகி உரிமையுடன் அதன் மதிப்பை 0-லிருந்து 1 ஆக்கினால் ஆறாம் பதிப்பு உடனே அணைந்துவிடும். கணிப்பொறியை மறுபடி தொடங்கினால் பழைய நிலை திரும்பும். எனவே முதலில் இப்படித் தற்காலிகமாகச் செய்து பார்ப்பதே நல்லது. நிலையாக வேண்டுமென்றால் மட்டும் அதை அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதிய தேதியையும் காரணத்தையும் அருகிலேயே குறித்துவைத்தால், பின்னால் வருபவர் திகைக்கமாட்டார்.

இதில் ஆபத்தும் உண்டு. கணிப்பொறி தன்னைத்தானே அழைக்கும் ஆறாம் பதிப்பு முகவரியும் போய்விடுவதால், அதை நம்பிய செயலிகள் தடுமாறும். ஆறாம் பதிப்பை மட்டுமே தரும் வலைப்பின்னலில் இணைப்பே கிடைக்காது.

தோழியரே! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் உண்டோ? பழுது இருப்பது பாதையில். ரூட்டரைச் சரிசெய்வோம், இணைப்புத் தரும் நிறுவனத்திடம் முறையிடுவோம். அதுவரை அணைத்து வைத்தாலும், பாதை சீரானதும் 1-ஐ மீண்டும் 0 ஆக்க மறவோம்!