41 ஆண்டு உலகை ஏமாற்றிய மண்டை ஓடு!

இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்று ஒரு சிற்றூர். அங்கே சரளைக்கல் பள்ளத்தில் கிடைத்ததாக, சார்லஸ் டாசன் என்ற வக்கீல் சில எலும்புத் துண்டுகளைக் கொண்டு வந்தார். 1912 டிசம்பரில், லண்டனில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவை காட்டப்பட்டன.

மண்டை ஓடு மனிதனுடையது போல் இருந்தது. தாடையோ குரங்கினுடையது போல் இருந்தது. ஆதி மனிதன் அகப்பட்டுவிட்டான் என்று ஒரே பேச்சு! மனிதனுக்கு முதலில் மூளைதான் பெருத்தது என்று நம்பியிருந்தவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

பால் பல் குழந்தை

1924-ல் தென் ஆப்பிரிக்காவில், டாங் என்ற ஊரில், சுண்ணாம்புக் கல்லுக்குள் புதைந்திருந்த ஒரு சிறு மண்டை ஓடு கிடைத்தது. பேராசிரியர் ரேமண்ட் டார்ட், மனைவியின் பின்னல் ஊசியால் கல்லைச் சிறுகச் சிறுகப் பெயர்த்து அதை வெளியே எடுத்தார்.

பால் பல் விழாத குழந்தை! மூளை குரங்கின் அளவுதான். ஆனால் பற்களில் மனிதச் சாயல்.

டார்ட் இன்னொன்றும் கவனித்தார். முதுகுத் தண்டு மண்டைக்குள் நுழைய ஒரு துவாரம் உண்டு. நாலு கால் பிராணிகளுக்கு அது பின்பக்கமாக இருக்கும். இந்தக் குழந்தைக்கோ, நமக்கு இருப்பது போல, மண்டைக்கு அடியில் இருந்தது. அப்படியானால் இது இரண்டு காலால் நிமிர்ந்து நடந்த பிறவி என்றார் டார்ட்.

பெரிய விஞ்ஞானிகள் கேட்கவில்லை. பில்ட்டவுன் மனிதனுக்கு மூளை பெரிது. இதற்குச் சிறிது. வெறும் குரங்குக் குட்டி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அரம் போட்ட பல்

மண்ணில் கிடக்கும் எலும்பு, நிலத்தடி நீரில் உள்ள புளோரின் என்ற பொருளை உறிஞ்சும். நாளாக ஆக அது கூடிக்கொண்டே போகும். 1949-ல் கென்னத் ஓக்லி, பில்ட்டவுன் எலும்புகளில் அதை அளந்து பார்த்தார். மிகக் கொஞ்சமே இருந்தது! லட்சக்கணக்கான ஆண்டு என்ற பேச்சு அடிபட்டுப் போயிற்று.

1953-ல் ஜோசப் வீனர் ஒரு காரியம் செய்தார். சிம்பன்சிக் குரங்கின் பல்லை அரத்தால் தேய்த்தார். சாயம் ஏற்றினார். அச்சு அசல் பில்ட்டவுன் பல்!

பிறகு உண்மையான பில்ட்டவுன் பல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். அரம் போட்ட கீறல்! தாடையைத் துளைத்தார்கள். மேலே பழுப்புச் சாயம், உள்ளே வெள்ளை எலும்பு. 1953 நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. மண்டை ஓடு சில நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாதாரண மனிதனுடையது.

டாசன் 1916-லேயே இறந்துவிட்டார். சந்தேகம் அவர் மேல்தான். கேட்க ஆள் இல்லை.

இதற்குள் தென் ஆப்பிரிக்கக் குகைகளில் அதே இனத்தின் வளர்ந்த ஆட்களுடைய எலும்புகளும் அகப்பட்டன. டார்ட் சொன்னது சரி என்று ஆயிற்று. டாங் குழந்தை 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. டார்ட் 95 வயது வரை இருந்து, 1988-ல் காலமானார்.