குருதியோட்டத் தடையும் சிறுநீரகப் பாதுகாப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிமழை ஓய்ந்து அரிவி வெட்டுத் தொடங்குகையில், புடையன் எனவும் வழங்கப்படும் கண்ணாடி விரியன் வயலில் வேலை செய்வோரைத் தீண்டுதல் புதிய செய்தியன்று. கடிபடுவது கால், ஆயின் ஓரிரு நாட்களிற் செயலிழப்பது சிறுநீரகமாக இருக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்வதற்குச் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் நிறையின் நூற்றிலொரு பங்குதானும் ஆகமாட்டா. எனினும் ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவற்றையே அடைகின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 இலீற்றர் திரவம் வடிக்கப்படுகின்றது. அதில் ஒன்றரை இலீற்றர் அளவே சிறுநீராக வெளியேற, எஞ்சியது சிறுகுழாய்களால் மீள உறிஞ்சப்படுகின்றது. இவ்வேலைக்குப் பெருமளவு சக்தி தேவை. ஆனால் வந்துசேரும் குருதியின் பெரும்பகுதி மேற்பட்டைக்கே செல்கின்றது. மையவிழையத்துக்குக் கிடைப்பது சிறுபங்கே. ஆகவே அப்பகுதியிலுள்ள கலங்கள் சுகதேகியிற்கூட ஒட்சிசன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே இயங்குகின்றன. குருதியமுக்கம் வீழ்ந்தால் முதலிற் பாதிக்கப்படுவனவற்றுள் அவையும் அடங்கும்.

ஊறு இரு கட்டங்களில் நிகழ்கின்றது. குருதியோட்டம் தடைப்பட்டதும் கலத்தின் சக்திச் சேமிப்புக் குன்றுகின்றது. சோடியத்தை வெளியேற்றும் பொறிமுறை நின்றுவிட, நீர் உட்புகுந்து கலம் வீங்குகின்றது. இரண்டாவது கட்டம் குருதி மீண்டு வரும்போது தொடங்குகின்றது. திடீரெனக் கிடைக்கும் ஒட்சிசனிலிருந்து தாக்குதிறன் மிக்க மூலிகங்கள் தோன்றிக் கலமென்சவ்வுகளைச் சிதைக்கின்றன. வெண்குருதிக் கலங்கள் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. உயிர்காக்கும் குருதியே ஒரு பங்கு ஊறுக்கும் காரணமாகின்றது.

விரியனின் நஞ்சு இந்நிலையைப் பல வழிகளில் உருவாக்குகின்றது. குருதி உறைதற் காரணிகளை அது தூண்டுவதால் நுண்கலன்களில் உறைவுகள் படிந்து குருதியோட்டத்தைத் தடுக்கின்றன. அக்காரணிகள் செலவாகித் தீர்ந்தபின் குருதி உறையாது கசிகின்றது, குருதியமுக்கமும் வீழக்கூடும். இவற்றோடு நஞ்சு சிறுகுழாய்க் கலங்களை நேரடியாகவும் தாக்குகின்றது. 2024 ஆம் ஆண்டின் இறுதியிற் பெருவெள்ளத்தின் பின் குடாநாட்டிற் பரவிய எலிக்காய்ச்சலும், கடும் வயிற்றோட்டமும், பிரசவத்தின்போது ஏற்படும் மிகைக் குருதிப்பெருக்கும் வேறு வழிகளில் சிறுநீரகத்தை இதே ஆபத்துக்கு உள்ளாக்க வல்லன.

இவ்வூறைத் தடுக்கும் மருந்து உண்டா? குறைந்த அளவு டோபமீன் சிறுநீரகத்தைக் காக்கும் எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. 1986 இல் மறி, ஜெனிங்ஸ், றைமர் ஆகியோர் நாயின் இதயத்துக்குச் செல்லும் குருதியைச் சிறுசிறு இடைவெளிகளில் நிறுத்தி விடுவித்தபோது, பின்னர் வந்த நீண்ட தடையை அது கூடுதலாகத் தாங்கக் கண்டனர். இதைப் பின்பற்றி, இதய அறுவைச் சிகிச்சைக்கு முன் கையைப் பட்டியால் இறுக்கித் தளர்த்தும் முறை மனிதரிற் பரிசோதிக்கப்பட்டது. 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சிறுநீரகத்துக்கு நன்மை கண்டது. அதே ஆண்டின் பெரிய இரு ஆய்வுகள் பயன் காணவில்லை. உறுதியான பயன் தந்தது குளிர்ச்சி. மாற்றுச் சிகிச்சைக்கென எடுக்கப்படும் சிறுநீரகத்தைக் குளிரூட்டினால் கலங்களின் சக்தித் தேவை குறைய, அது ஒரு நாள் வரையிற் பேணப்படலாம். ஆனால் வயலிற் கடிபட்டவரின் உடலுக்குள் இருக்கும் சிறுநீரகத்துக்கு இவ்வழி இல்லை.

எனவே எஞ்சுவது காலமே. நஞ்செதிர் மருந்து குருதியில் உலாவும் நஞ்சை நடுநிலையாக்கும். ஏற்கெனவே இறந்த கலத்தை அது மீட்காது. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுவதும், கீறுவதும், விஷகடிப் பரியாரியாரின் வாசலிற் காத்திருப்பதும் அக்காலத்தை விழுங்குகின்றன. வலிக்கென உட்கொள்ளும் டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தை மேலும் சுருக்குகின்றன. கடிபட்டவரை அசைவின்றிக் கிடத்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும், அங்கே நஞ்செதிர் மருந்தோடு குருதியமுக்கத்தையும் உடல்நீரையும் பேணுவதுமே தக்க பாதுகாப்பாகும். சிறுநீர் குறைந்துவிட்டாலும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. எஞ்சிய சிறுகுழாய்க் கலங்கள் பெருகி இழப்பை நிரப்பவல்லன. அதுவரை குருதிச் சுத்திகரிப்பு உயிரைத் தாங்கிநிற்கும். எனினும் சிலரில் ஊறு நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுவதுண்டு.

சிறுநீரகம் தாங்கும் காலத்தை உயிரியல் வகுத்துள்ளது. அக்காலத்துள் நோயாளி சிகிச்சையை அடைவாரா என்பதைப் பாதையும், ஊர்தியும், கிராமத்து வைத்தியசாலையில் உள்ள மருந்தும், ஒருநாட் கூலியை இழக்க அஞ்சும் வறுமையும் தீர்மானிக்கின்றன. ஆகையால் ஆய்வுகூடம் புதிய மருந்தைத் தேடும் அதேவேளையில் இவற்றைச் சீர்செய்வதும் சிறுநீரகப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என நாம் கருதுகின்றோம்.