கனரக டீசல் லாரிகளுக்கான என்ஜின் ஆயில் தேர்வு

கனரக டீசல் லாரிகளுக்கான என்ஜின் ஆயில் என்பது சரக்கு லாரி, டிப்பர், டேங்கர், டிரெய்லர், பேருந்து போன்ற வாகனங்களின் டீசல் என்ஜினுக்குள் ஊற்றப்படும் மசகு எண்ணெய் ஆகும். அடிப்படை எண்ணெயுடன் பல வேதிக் கூட்டுப்பொருள்களைச் சேர்த்து இது தயாரிக்கப்படுகிறது. எல்லா லாரிகளுக்கும் பொருந்தும் ஒரே ஆயில் கிடையாது. என்ஜினின் வடிவமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள், டீசலில் உள்ள கந்தகத்தின் அளவு, வாகனம் செய்யும் வேலை ஆகியவற்றைப் பொறுத்து ஆயில் மாறுபடும்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஒதியம்பட்டு போன்ற ஊர்களை ஒட்டிச் செல்லும் சாலைகளில் பல தலைமுறை லாரிகள் ஒன்றாக ஓடுகின்றன. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் புதிய லாரியும், செங்கலும் ஜல்லியும் ஏற்றும் பதினைந்து வயது லாரியும் ஒரே பட்டறை வாசலில் நிற்பதுண்டு. பட்டறையில் இருக்கும் ஒரே டிரம் ஆயிலை இரண்டுக்கும் ஊற்றினால், பழைய வண்டி தாங்கிக்கொள்ளலாம். புதிய வண்டியின் புகைபோக்கியில் உள்ள விலை உயர்ந்த வடிகட்டி மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி ஓட்டும் உரிமையாளருக்கு அந்தப் பழுது பல மாதத் தவணைக்குச் சமம். ஆகவே ஆயில் டப்பாவின் மீதுள்ள எழுத்துகளையும் எண்களையும் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

ஆயிலின் பணிகள்

உராய்வைக் குறைப்பது ஆயிலின் முதல் பணி. கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடாதவாறு மெல்லிய எண்ணெய்ப் படலம் இடையில் நிற்கிறது. இரண்டாவது பணி குளிரூட்டுதல். பிஸ்டனின் அடிப்பகுதிக்கும் டர்போ சார்ஜரின் தண்டுக்கும் ரேடியேட்டர் நீர் நேரடியாகச் செல்வது கடினம். அங்குள்ள வெப்பத்தை எடுத்து வருவது பெரும்பாலும் ஆயில்தான்.

மூன்றாவது பணி சுத்தம் செய்தல். டீசல் எரியும்போது கரித்தூள் உண்டாகிறது. அதன் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. இந்தத் துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகாமல், தனித்தனியாக மிதக்கும்படி ஆயிலில் உள்ள கூட்டுப்பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. நான்காவதாக, எரிதலில் உருவாகும் அமிலங்களை ஆயில் நடுநிலையாக்கி, உலோகப் பாகங்கள் அரிக்கப்படாமல் காக்கிறது.

டீசல் என்ஜினில் புதிய ஆயில் ஊற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். கறுப்பு நிறம் ஆயில் கெட்டதற்கு அடையாளம் அல்ல. கரியைத் தன்னுள் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறது என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது.

பாகுநிலை எண்: 15டபிள்யூ-40 என்பதன் பொருள்

ஆயில் எவ்வளவு கெட்டியாக உள்ளது என்பதைக் குறிக்கும் எண்களை எஸ்.ஏ.இ. என்னும் அமைப்பின் ஜே300 தரநிலை வரையறுக்கிறது. 15டபிள்யூ-40 என்பதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் காட்டுகிறது. 15 என்பது வெப்பநிலை அல்ல, ஒரு வகைப்பாட்டு எண். 15டபிள்யூ ஆயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியசிலும், 20டபிள்யூ ஆயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் வைத்து, என்ஜினைச் சுழற்றும்போது அது தரும் எதிர்ப்பைச் சோதிக்கின்றனர்.

பின்னுள்ள 40 என்ற எண், என்ஜின் சூடான பிறகு உள்ள பாகுநிலையைக் குறிக்கும். 100 டிகிரி செல்சியசில் 40 வகை ஆயிலின் பாகுநிலை, வினாடிக்கு 12.5 முதல் 16.3 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 30 வகைக்கு இது 9.3 முதல் 12.5 வரை. இது தவிர, பேரிங்குக்குள் இருப்பதுபோல் 150 டிகிரி வெப்பத்திலும் கடும் சறுக்கு விசையிலும் படலம் எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. பாரம் ஏற்றும் லாரிக்கு இந்தத் தாங்குதிறன் மிகவும் முக்கியம்.

புதுச்சேரியில் பனியே பெய்வதில்லை. அப்படியிருக்க, குளிர்கால எண்ணால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். என்ஜினில் தேய்மானம் அதிகம் நேரும் வேளைகளில் ஒன்று, அதிகாலையில் சாவி திருகும் அந்தச் சில வினாடிகள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் கீழே உள்ள சம்ப்பில் இறங்கியிருக்கும். 25 டிகிரி வெப்பநிலையிலும் 15டபிள்யூ ஆயில், 20டபிள்யூ ஆயிலை விடவும் ஒற்றை வகை 40 ஆயிலை விடவும் விரைவாக மேலேறி டர்போவையும் வால்வுப் பகுதியையும் அடையும். வெயில் நாட்டுக்குக் கெட்டியான ஆயிலே நல்லது என்ற எண்ணம் முழு உண்மை அல்ல. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், பம்ப்புக்குச் சுமையைக் கூட்டி டீசல் செலவையும் உயர்த்தும்.

ஏ.பி.ஐ. தரநிலை: எழுத்துகளின் வரிசை

பாகுநிலை என்பது கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரத்தை அறிய அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. குறியீட்டைப் பார்க்க வேண்டும். ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கும், ‘சி’ என்று தொடங்குவது டீசல் என்ஜினுக்கும் உரியது. டீசல் வரிசையில் அடுத்த எழுத்து முன்னேற முன்னேறத் தரநிலை புதியதாகும்.

சி.எஃப்.-4 தரம் 1990-இல் வந்தது. அதன் பின் சி.எச்.-4 1998-இலும், சி.ஐ.-4 2002-இலும், சி.ஜே.-4 2006-இலும் வந்தன. சி.கே.-4, எஃப்.ஏ.-4 ஆகிய இரண்டும் 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. வெளியேறும் புகையின் ஒரு பகுதியை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் முறையால் ஆயிலில் கரி அதிகமாகச் சேரும். அதைத் தாங்குவதற்காக சி.ஐ.-4 உருவானது. புகைபோக்கியில் வடிகட்டி உள்ள என்ஜின்களுக்காக சி.ஜே.-4 உருவானது. அதைவிடக் கூடுதலான வெப்பத்திலும் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் வகையில் சி.கே.-4 வந்தது.

சி.கே.-4 ஆயிலைப் பொதுவாக சி.ஜே.-4, சி.ஐ.-4, சி.எச்.-4 கேட்கும் வண்டிகளிலும் பயன்படுத்தலாம். ஆனால் எஃப்.ஏ.-4 அப்படிப்பட்டதல்ல. எரிபொருள் சிக்கனத்துக்காக மெல்லிய படலம் கொண்டதாக அது வடிவமைக்கப்பட்டது. தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்திருந்தாலன்றி அதை ஊற்றக்கூடாது. ஐரோப்பிய முறையில் வடிவமைக்கப்பட்ட லாரிகளின் கையேட்டில் ஏ.சி.இ.ஏ. என்னும் தரக்குறியீடும், தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடும் இருக்கலாம். அவையும் டப்பாவில் பொருந்த வேண்டும்.

பி.எஸ்.-6 கொண்டுவந்த மாற்றம்

இந்தியா முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 4 விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதியும் நடைமுறைக்கு வந்தன. டீசலில் அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பி.எஸ்.-3 டீசலில் இது 350 பங்கு வரை இருந்தது.

பி.எஸ்.-6 டீசல் லாரியின் புகைபோக்கியில், கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் கருவியும் இருக்கும். வடிகட்டியில் சேரும் கரியை வெப்பத்தால் எரித்து அகற்றலாம். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை அப்படி அகற்ற முடியாது. ஆயிலின் தூய்மைக் கூட்டுப்பொருள்களில் கால்சியம், மக்னீசியம் போன்ற உலோகங்கள் உள்ளன. என்ஜினுக்குள் சிறிதளவு ஆயில் எரியும்போதெல்லாம் இவை சாம்பலாகி வடிகட்டியின் நுண்துளைகளில் தங்கிவிடும். எனவேதான் சி.ஜே.-4, சி.கே.-4 தரங்களில் சல்பேட் சாம்பல் 1.0 சதவீதத்துக்கும், பாஸ்பரஸ் 0.12 சதவீதத்துக்கும், கந்தகம் 0.4 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்ற வரம்பு உள்ளது. சி.ஐ.-4 தரத்தில் சாம்பலுக்கு இத்தகைய வரம்பு கிடையாது. பி.எஸ்.-6 லாரியில் சி.ஐ.-4 ஆயில் ஊற்றினால் என்ஜின் உடனே நின்றுவிடாது. வண்டி வழக்கம்போல் ஓடும். சேதம் வடிகட்டியில் ஓசையின்றிச் சேர்வதால்தான் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

யூரியாக் கரைசலும் ஆயிலும் முற்றிலும் வேறானவை. 32.5 சதவீத யூரியா கொண்ட அந்தக் கரைசலுக்குத் தனித் தொட்டி உண்டு. அதை டீசல் தொட்டியிலோ என்ஜினிலோ ஊற்றிவிட்டால் வண்டியை இயக்கக்கூடாது.

பழைய லாரிகளுக்கு எது பொருந்தும்?

டீசலில் கந்தகம் மிகுந்திருந்த காலத்தில், எரிதலின்போது கந்தக அமிலம் அதிகம் உண்டானது. அதை நடுநிலையாக்க ஆயிலில் அதிகக் காரத்தன்மை தேவைப்பட்டது. இதை டி.பி.என். என்னும் எண்ணால் குறிப்பர். வண்டி பழையதாக இருந்தாலும், இன்று பங்கில் அதற்குப் பிடிப்பது கந்தகம் குறைந்த டீசல்தான். ஆகையால் பழைய லாரிக்கும் முன்னளவு காரத்தன்மை தேவைப்படுவதில்லை. கையேடு சி.எச்.-4 அல்லது சி.ஐ.-4 கேட்டால் அதையே ஊற்றலாம். விலை ஒத்துவந்தால் சி.கே.-4 தரத்துக்கும் மாறலாம். ஆனால் பாகுநிலையைக் கையேடு சொன்னபடியே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயில் குடிக்கும் தேய்ந்த என்ஜினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றுவது பட்டறைகளில் வழக்கம். புகை சற்றுக் குறையலாம். ஆனால் தேய்ந்த பிஸ்டன் வளையம் அதனால் சரியாகாது. அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

எப்போது மாற்ற வேண்டும்?

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு போதும். நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடும் வண்டிகளுக்கு அது போதாது. திருச்செங்கோடு வட்டாரத்திலிருந்து இந்தியா முழுவதும் செல்லும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வயலில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும்போது, ஓடிய தூரம் கூடாது. ஆயில் மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கும். கான்கிரீட் கலவை லாரிக்கும் இதுவே பொருந்தும். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியின் 4,000 கிலோமீட்டர் என்பது 100 மணி நேர உழைப்பு. அதே 100 மணி நேரம் நின்றே ஓடிய என்ஜினின் மீட்டர் எதையும் காட்டாது. எனவே இத்தகைய வண்டிகளில் மணிக்கணக்கை எழுதி வைத்து, தயாரிப்பாளர் கூறும் மணி நேர வரம்பில் ஆயிலை மாற்ற வேண்டும். குவாரிப் புழுதி, அதிகப் பாரம், அடிக்கடி நின்று செல்லும் நகர ஓட்டம் ஆகியவையும் இடைவெளியைக் குறைக்கும். ஆயில் மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் மாற்றுவது கட்டாயம்.

அளவுக்கம்பி சொல்லும் செய்திகள்

சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுக்கம்பியைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைவதைப் பலரும் கவனிப்பர். கூடுவதைக் கவனிப்பவர் குறைவு. ஊற்றாமலே அளவு கூடியிருந்தால், டீசலோ குளிரூட்டும் நீரோ கலந்திருக்கலாம். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து, டீசல் வாடை வீசும். நீர் கலந்தால் பால் கலந்ததுபோல் வெளுக்கும். சில பி.எஸ்.-6 என்ஜின்களில் வடிகட்டியைச் சூடாக்கக் கூடுதல் டீசல் தெளிக்கப்படும். அந்தச் சுத்திகரிப்பைப் பாதியிலேயே அடிக்கடி நிறுத்தினாலும் ஆயிலில் டீசல் சேரும். மேற்கண்ட எந்த நிலையிலும் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

போலியும் கழிவும்

விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தாலோ, மூடியின் முத்திரை கலைந்திருந்தாலோ, தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் தெளிவாக இல்லாமலிருந்தாலோ அந்த டப்பாவை வாங்கக்கூடாது. ரசீது பெறுவது நல்லது. வாரண்டி உள்ள வண்டிக்கு அதுவே ஆதாரம். காலி டப்பாக்களை நசுக்கியோ துளையிட்டோ போட்டால், அவை போலி ஆயில் நிரப்பும் கைகளுக்குப் போகாது.

வடித்த பழைய ஆயில், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருகிறது. அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். வில்லியனூர் வட்டாரத்தில் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் உள்ளன. புதுச்சேரி மக்களின் குடிநீருக்கு நிலத்தடி நீரே முக்கிய ஆதாரம். பட்டறை மண்ணில் கொட்டும் ஆயில், ஊரின் கிணற்றுநீரைக் கெடுக்கும்.

தேர்வு செய்யும் வரிசை

முதலில் வண்டி எந்த பி.எஸ். விதியின்கீழ் தயாரானது என்பதைப் பதிவுச் சான்றில் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, கையேட்டில் உள்ள ஏ.பி.ஐ. அல்லது தயாரிப்பாளர் குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாகப் பாகுநிலை எண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் சரியாக இருந்தால், எந்த நம்பகமான நிறுவனத்தின் ஆயிலையும் வாங்கலாம். நிறுவனப் பெயரும் விலையும் கடைசியில் பார்க்க வேண்டியவை. இந்த மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் அறையில் ஒட்டி வைத்தால், வெளியூரில் நள்ளிரவில் ஆயில் வாங்க நேர்ந்தாலும் தவறு நேராது.