முதுசக் காணியும் பங்காளர் பிணக்கும்

மன்னார்ப் பெருநிலப் பகுதியில் நெல்வயல்களாற் சிறந்து விளங்கும் ஊர்களுள் நானாட்டானும் ஒன்றாகும். அருவியாற்று நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை அடைந்து, ஆங்கிருந்து வாய்க்கால்கள் வழியே இப்பகுதி வயல்களுக்குப் பாய்கின்றது. நிலமே செல்வமாயுள்ள ஊரில் நிலம் பற்றிய பிணக்குகள் எழுதல் இயல்பே. அவற்றுள்ளும் அயலாரோடு நிகழும் எல்லை வழக்கைக் காட்டிலும், ஒரே முதுசத்தைப் பொதுவிற் பெற்ற பங்காளரிடையே நிகழும் வழக்கே ஆற்றுதற்கு அரியது. அதன் இயல்பு யாது, அதனைத் தீர்க்கும் வழிகள் யாவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் காணியின் வகையை அறிதல் வேண்டும். உறுதிக்காணி வேறு; அனுமதிப்பத்திரக் காணி வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தாற் கொடுத்த காணி, பத்திரம் பெற்றவரின் தனியுடைமை அன்று. அவர் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். பிள்ளைகள் அதனைத் தம் விருப்பின்படி கூறுபோட இயலாது. பாகப்பிரிவினை பற்றிய பேச்சு உறுதிக்காணிக்கே உரியது.

உறுதிக்காணி பொதுவுடைமையாவது எங்ஙனம் என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். 12 ஏக்கர் வயலுடைய தாய்தந்தையர் உறுதி எழுதாது இறந்தனர். பிள்ளைகள் நால்வருக்கும் நாலிலொரு பங்கு, அஃதாவது மும்மூன்று ஏக்கர் பெறுமதியான உரிமை, சேர்ந்தது. மூத்த மகன் வயலைச் செய்கின்றார். இரண்டாமவர் 1990ஆம் ஆண்டளவிற் படகேறித் தமிழகம் சென்றார். மகள் மணமாகி வேற்றூர் புகுந்தார். நான்காமவரும் அவர் துணையும் காலமாக, அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலொன்றாகச் சிதறியது. இரண்டு தலைமுறையில் ஒரு வயலுக்கு உரியோர் அறுவராயினர். இன்னுமொரு தலைமுறை செல்லின் அவ்வெண்ணிக்கை இருபதைத் தாண்டுதலும் கூடும்.

இவருள் எவர்க்கும் "இம்மூன்று ஏக்கர் எனது" என வரம்பு காட்டும் உரிமை இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பிரிக்கப்படாத காணியின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் ஒவ்வொரு பங்காளருக்கும் உரிமையுண்டு. ஒருவர் தம் பிரிக்கப்படாத பங்கை விற்கலாம், ஈடு வைக்கலாம். ஆயின் குறித்த ஒரு துண்டைத் தமதென விற்று ஏனையோரைக் கட்டுப்படுத்த இயலாது. தம் பங்கிற்கு மேற்பட்ட பயனை நுகர்ந்தவர் ஏனையோருக்குக் கணக்குக் காட்டும் கடப்பாடுடையர்.

பிணக்கின் வேர் இங்கேதான் உளது. மூத்தவர் காடு வெட்டி, வரம்பு கட்டி, காலபோகமும் சிறுபோகமும் உழைத்தவர். "இத்தனை ஆண்டு பாராதவருக்குப் பங்கு ஏது?" என்பது அவர் வாதம். சென்றவரோ, "விரும்பிச் சென்றேனல்லேன், என் தந்தை மண் எனக்கும் உரியது" என்பர். இருபாலும் நியாயம் இல்லாமலில்லை.

சட்டம் இதற்கு என் சொல்கின்றது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், உரியவருக்கு மாறாகப் பத்து ஆண்டு இடையறாது ஆண்டவருக்கு உரிமை அளிக்கின்றது. ஆயின் பங்காளரிடையே இவ்விதி எளிதிற் செல்லாது. கொறயா எதிர் இசெரிஸ் அப்புகாமி என்னும் வழக்கில் 1911இல் கோமறைக் கழகம் அளித்த தீர்ப்பின்படி, ஒரு பங்காளரின் ஆட்சி எல்லோருக்குமான ஆட்சியே. மனத்துள் மறைத்து வைத்த எண்ணத்தால் அதனைத் தனியாட்சியாக மாற்ற முடியாது; ஏனையோரை வெளிப்படையாக விலக்கிய செயலோ அதற்கு நிகரானதோ வேண்டும். எனினும் 1918இல் திலகரத்தின எதிர் பஸ்தியான் வழக்கில், நெடுங்காலத் தனியாட்சியோடு ஏனைய சூழ்நிலைகளும் சேருமிடத்து அத்தகைய விலக்கலை ஊகிக்கலாம் எனக் கொள்ளப்பட்டது. ஆகவே வாளாவிருத்தல் சென்றவருக்கு முழுக்காப்பன்று. போர்க்காலத்தை நோக்கி, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. ஆயுதக் குழுவின் செயல்களால் தம் உரிமையை நாட இயலாதிருந்தோருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விட அது வழி செய்தது.

இணங்க இயலாதவிடத்துப் பங்காளருள் எவரும் மாவட்ட நீதிமன்றிற் பாகப்பிரிவினை வழக்கிடலாம். 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் அமைந்த இம்முறை, 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தாற் புதுக்கப்பட்டு, பின்னர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் நிலைபெற்றது. வழக்காளி உரியோர் அனைவரையும் சேர்த்து வழிமரபு காட்டல் வேண்டும். வழக்குப் பற்றிய அறிவித்தல் காணிப் பதிவகத்திற் பதியப்படும். அதன்பின் வழக்கு முடியுங்காறும் பங்கைக் கைமாற்றல் செல்லாது. நில அளவையாளர் காணியை அளப்பர். காணியிற் பறையறைந்தும் வழக்கு அறிவிக்கப்படும். நீதிமன்று ஒவ்வொருவர் பங்கையும் ஆராய்ந்து இடைக்காலத் தீர்ப்பளிக்கும். பின்னர் அளவையாளர் துண்டுகளை வகுக்க, இறுதித் தீர்ப்பு வழங்கப்படும். ஒருவர் திருத்திய பகுதியை இயன்றவரை அவர்க்கே ஒதுக்குதல் முறையாதலின், மூத்தவரின் உழைப்பும் வீண்போகாது. பிரித்தல் பொருந்தாதவிடத்து விற்று விலையைப் பங்கிடுமாறும் கட்டளையிடலாம்.

இத்தீர்ப்பின் வலிமை பெரிது. சில விலக்குகள் ஒழிய, வழக்கிற் சேராதவரையும் அது கட்டுப்படுத்தும். இதனாலன்றோ, 1903இல் மாதர் எதிர் தாமோதரம்பிள்ளை வழக்கில், பாகப்பிரிவினை வழக்கைக் கட்சிக்காரர் இருவரின் சச்சரவாக மட்டுங் கருதாது, உரிமையை நீதிமன்று தானே ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என வலியுறுத்தப்பட்டது. எனினும் நானாட்டான் வயலில் அறையும் பறை கடல் கடந்தவர் செவிக்கு எட்டாது. பெயர் விடுபட்டவர் பின்னொரு நாள் திரும்பி வரின், அவருக்கு எஞ்சுவது நட்டஈடு கோரும் வழியாகவே இருத்தலும் கூடும்.

ஆதலின், உரியோர் அனைவரும் ஒருமித்து எழுதும் பாகப்பிரிவினை உறுதியே சாலச் சிறந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அது நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும்; வாய்ச்சொல்லால் வரம்பிட்டுக்கொண்டது போதாது. வெளிநாட்டிலுள்ளவர் அற்றோணித் தத்துவம் கொடுத்துப் பங்குகொள்ளலாம். அளவைப் படத்தில் துண்டுகள் மட்டுமன்றி, ஒவ்வொரு துண்டுக்கும் வழியும் வாய்க்காலும் காட்டப்படல் இன்றியமையாதது. நீர் வராத மூன்று ஏக்கரினும் நீர் வரும் ஓர் ஏக்கர் மேலானதன்றோ? பங்கை விற்க விரும்புவோர், தேசவழமை செல்லுமிடத்து, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின்படி பங்காளருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். நடுவர் துணை வேண்டுவோருக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. குறித்த வகைப் பிணக்குகளுக்குத் தனிச் சபைகள் அமைக்க 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது.

எவ்வழி கொள்ளினும் காலந்தாழ்த்தல் தீது. எவர் எவருக்குப் பிள்ளை, எத்துண்டு எவருக்குச் சீதனம் என்பவற்றை அறிந்த முதியோர் மறையுந்தோறும் சான்றும் மறைகின்றது, பங்குகளோ பெருகுகின்றன. ஊரில் இருப்பவர் உழைப்பை மதித்தும், அகன்றவர் பெயரை மறையாதும், முதியோர் உள்ளபோதே உறுதி எழுதிக்கொள்ளும் குடும்பம் வயலையும் காத்து உறவையும் காக்கும்.