உங்களுக்குத் தெரியுமா? பைக் டிரெய்லருக்கு இரண்டு நம்பர்!

பைக்கின் பக்கத்தில் மாட்டும் சைடுகார், நம் சட்டப்படி பைக்கின் ஓர் அங்கம். பின்னால் கட்டி இழுக்கும் குட்டி டிரெய்லரோ தனி வண்டி! 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இப்படித்தான் பிரிக்கிறது.

● தனி வண்டி என்பதால் டிரெய்லருக்குச் சொந்தப் பதிவு எண் வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன்மீது தெரிய வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டையில் டிராக்டர் டிரெய்லர் கடந்தால் கவனியுங்கள். அதற்கும் இதே விதிதான்.

● வளைவில் பைக் சாயும்; இரண்டு சக்கர டிரெய்லர் நிமிர்ந்தே வரும். ஆகவே இணைப்புக் கொக்கி சுழலக்கூடியதாக இருப்பது கட்டாயம். இறுக்கமான கொக்கி மிக ஆபத்து.

● சாமானைப் பின்கோடியில் குவித்தால் டிரெய்லர் இடவலமாக ஆடி, பைக்கையே உலுக்கிவிடும். கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும்.

● பிரிட்டனில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக் மட்டுமே இழுக்கலாம். டிரெய்லரின் அகலம் 1 மீட்டருக்குள். சுமையோடு சேர்த்து எடை 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. இதில் எது குறைவோ அது. 195 கிலோ பைக் என்றால், 130 கிலோதான்!