முதல் ஓட்டத்தில் பின்தங்கினால்



பள்ளி விளையாட்டு விழாவில் முதன்முறையாக ஓடிவிட்டுப் பரிசில்லாமல் வீடு திரும்பும் பிள்ளைகள் சிலர், "இனி ஓட மாட்டேன்" என்று சொல்வதை நம் ஊரிலும் கேட்கிறோம். கவனிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளையின் ஓட்டம் அதோடு நின்றுவிடும்.

மில்கா சிங்கின் முதல் ஒலிம்பிக் 1956இல் மெல்போர்னில் நடந்தது. 400 மீட்டரில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் ஊர் திரும்புமுன், அதில் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லஸ் ஜென்கின்ஸிடம் பயிற்சி முறையைக் கேட்டறிந்தார். 1958இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 440 கெஜ ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1960இல் ரோமில் நான்காம் இடம், பதக்கம் இல்லை. ஆனாலும் அன்று அவர் ஓடிய நேரம் 1998 வரை இந்தியச் சாதனையாக இருந்தது.

முதல் ஓட்டத்தில் பிள்ளைகள் ஆர்வத்தில் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓடிவிடுகிறார்கள். கடைசியில் கால் கனத்துப்போகிறது. வேகத்தைப் பங்கிடப் பழகினால் இது சரியாகும்.

ஆகவே அன்றைக்கு அறிவுரை வேண்டாம். சாப்பிட வைத்து, ஓய்வெடுக்க விடுவோம். இரண்டு நாள் கழித்து, "எந்த இடத்தில் மூச்சு வாங்கியது?" என்று கேட்போம். ஓடிய நேரத்தைக் குறித்து வைப்போம். அடுத்த முறை அதோடு ஒப்பிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். முன்னால் வந்தவரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ எப்படிப் பழகுவது என்று கேட்கச் சொல்லுங்கள். மில்கா சிங் செய்ததும் அதுதான்.