துயர வீட்டில் திருப்பொற்சுண்ணம்

மாணிக்கவாசகர் அருளிய திருவாசகம் 51 பகுதிகளை உடையது. அவற்றுள் தில்லையில் அருளிச்செய்யப்பெற்றதாகக் கொள்ளப்படும் திருப்பொற்சுண்ணம் 20 பாடல்களால் ஆனது. இறைவனின் திருமுழுக்கிற்குரிய நறுமணப் பொடியை மகளிர் உரலிலிட்டு இடித்தவாறே பாடுவதாக இப்பகுதி அமைந்துள்ளது. மாலைகளைத் தொங்கவிடுதல், முளைக்குடம் வைத்தல், விளக்கேற்றுதல் என விழாக்கோலமே இதில் நிறைந்திருக்கிறது. முன்னோர் இதற்கு இட்ட கருத்துத் தலைப்பும் 'ஆனந்த மனோலயம்' என்பதே. இத்தகைய மகிழ்ச்சிப் பாடல் யாழ்ப்பாணச் சைவர்களின் ஈமச் சடங்கில் நீங்கா இடம் பெற்றிருப்பது சிந்தனைக்குரியது.

அச்சடங்கில் மஞ்சள், அறுகு முதலியவற்றை உரலிலிட்டு உரிமையுடையோர் இடிப்பர். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்தி உடலைச் சூழ்ந்து நிற்பர். ஓதுவாரோ பயிற்சியுடைய பெரியவரோ பாடலை எடுத்துக்கொடுக்க, அறிந்தோர் உடன்பாடுவர். இடித்த சுண்ணம் உடலில் சாத்தப்படும். இறந்தவர் சிவபதம் எய்தினார் என்பது சைவர் நம்பிக்கை. ஆதலின், இறைவனுக்கென இடித்த சுண்ணத்தின் பாடல் அவ்வுடலுக்கும் உரியதாயிற்று எனலாம்.

இப்பாடல் துயருற்றோர்க்கு ஆறுதல் அளிப்பது எவ்வாறு? பொருளைக் காட்டிலும் அதன் வடிவமே இதற்கு முதற்காரணம் எனத் தோன்றுகிறது. 20 பாடல்களும் 'இடித்தும்' என்னும் தன்மைப் பன்மை வினையோடு 'நாம்' என்பதைச் சேர்த்தே முடிகின்றன. 'தும்' என்னும் இவ்விகுதி முன்னிலையாரையும் படர்க்கையாரையும் ஒருங்கே தன்னோடு படுக்கும் என்பது நன்னூலார் கருத்து. அங்ஙனமாயின், பாடுவோர், கேட்போர், முற்றத்தில் ஒதுங்கி நிற்போர் ஆகிய அனைவரையும் அவ்வொரு சொல்லே உள்ளடக்கிவிடுகிறது. உலக்கைக்கு இசைந்த சந்தமோ செயலற்றிருந்த கைகளுக்கு ஒரு தொழிலைத் தருகிறது.

ஒப்பாரியின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் 'நான்' என்னும் ஒருமையில் நின்று, இறந்தவரை விளித்து அரற்றுவது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களிலும் இழந்தவரின் குரலே மேலோங்கும். துயரை வெளிப்படுத்த அவையும் வேண்டுவனவே; ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. அழுகை ஓங்கிய வீட்டில் பொற்சுண்ணம் தொடங்கியதும், தேம்பலினூடே சிலர் அதன் இறுதிச் சொற்களை மட்டுமேனும் சேர்ந்து கூறுவதைக் காணலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர், இச்சடங்கையும் தம்முடன் கொணர்ந்தனர். இன்று தகனத்திற்குக் குறித்த நேரம் நெருக்குவதால் சில பாடல்களோடு நிறுத்திக்கொள்வதும், ஒலிப்பதிவை இயக்கிவிடுவதும் உண்டு. பாடலைக் குறைப்பதில் பெரும் இழப்பில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒலிப்பதிவின் நிலை அத்தகையதன்று. எவ்வளவு இனிய குரலாயினும், அங்கே 'நாம்' என்பது வீட்டார் வாயிலிருந்து எழுவதில்லை. தமிழ் எழுத்தறியாப் பேரப்பிள்ளைகள் பலர் உள்ள இந்நாட்டில், நான்கைந்து பாடல்களைத் தமிழிலும் உரோமன் எழுத்திலும் அச்சிட்டு, நெய்ப்பந்தத்தைக் கையில் தருவதற்கு முன்னரே அவர்களிடம் வழங்குதல் எளிதில் இயலக்கூடியதே.